ஃபெர்மினுக்கு என்ன ஊற்றுவது

அக்டோபர் 3, செவ்வாய்

இன்று கிளினிக்கில் பதினான்கு பேர். மதியம் சாப்பிடப் போன பல் டாக்டர் நாலு மணிக்குத்தான் திரும்பினார். அதுவரை வீங்கின கன்னத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள். சீட்டு எழுதுகிறவள்தானே, திட்டினால் வாங்கிக்கொள்வாள் என்று நினைப்பு. ஒரு ஆளை நான் திருப்பித் திட்டினேன். அப்புறம் அறையே அமைதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அத்தை காப்பி போட்டு வைத்துக் காத்திருந்தார். என் கப்பை என் முன்னால் நகர்த்திவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"இந்த வருஷம் படையல்ல அவனுக்கும் ஒரு குவளை வச்சிடலாம், காசில்டா."

எவனுக்கு என்று கேட்க வேண்டியதில்லை. அத்தையின் ஒரே மகன், என் புருஷன்.

மூன்றரை வருஷம். மார்ச் மாதம் வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு வெராக்ரூஸ் துறைமுகத்துக்குப் போனான் ஃபெர்மின். மூன்றாம் நாள் லாரி சாலை ஓரத்தில் கிடைத்தது. வெங்காயம் ஒரு மூட்டை குறையவில்லை, கதவு பூட்டியிருந்தது, அவன் மட்டும் இல்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் அவனைப் பற்றி "இருந்தான்" என்று யாரும் வாயைத் திறக்க முடியாது. போன வருஷம் செத்தவர்கள் நாள் படையலின்போது பக்கத்து வீட்டு தொமித்திலா "நல்ல பையனா இருந்தான், பாவம்" என்று சொல்லிவிட்டாள். அத்தை அவளை மூன்று மாதம் வாசலில் ஏற்றவில்லை. படையல் மேசையில் மாமனார் படம் இருக்கும், அத்தையின் அண்ணன்கள் படம் இருக்கும். ஃபெர்மின் படம் ஃப்ரிட்ஜ் கதவில்தான், உயிரோடு இருக்கிறவர்களோடு.

அதே அத்தைதான் இன்று இப்படிச் சொல்கிறார்.

"படையல் முடிஞ்சதும் அந்த ஆபீசுக்கும் வரேன். எச்சில் வேணும்னியே, எடுத்துக்கட்டும்."

இரண்டு வருஷமாக இதற்காகத்தான் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். புவெப்லா நகரத்தில் பெயர் தெரியாத உடல்களை நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒத்துப் பார்க்க ரத்த சொந்தம் வேண்டும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவனுக்கு அண்ணன் தம்பி இல்லை, அப்பா போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் இருப்பது அத்தையின் வாய் ஒன்றுதான். கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வரும்: உயிரோடு இருக்கிறவனைத் தேடச் சொல்லு, தருகிறேன், எலும்பைத் தேடுகிறவர்களுக்கு என் எச்சில் எதற்கு.

நான் சந்தோஷப்பட வேண்டும். படவில்லை.

இந்த நோட்டைக் கொடுத்தது தேடும் பெண்கள் சங்கத்தில். தேதி போட்டு எழுதுங்கள், எது வேண்டுமானாலும் பின்னால் உதவும் என்றார்கள். இதுவரை உதவுகிற மாதிரி ஒரு வரி எழுதவில்லை. சரி, இதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 4

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

அக்டோபர் 8, ஞாயிறு

ஒருவருக்கு முதல் முறை படையல் வைத்தால் எங்கள் தெருவில் கதவைச் சாத்தக் கூடாது. மெழுகுவர்த்தியோடு யார் வந்தாலும் உள்ளே விட வேண்டும். வந்தவர்களுக்குச் சூடாக ஏதாவது குடிக்கத் தர வேண்டும். அது போக, செத்தவருக்குப் பிடித்தது எதுவோ அதை மேசையில் வைத்து, வந்த ஒவ்வொருவருக்கும் சின்னக் கப்பில் ஒரு வாய் தர வேண்டும். ஆளைத் தெரியாதவர்கூட அந்த ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் போவார்.

ஆக, முடிவு செய்ய வேண்டியது இரண்டு. வருகிறவர்களுக்கு என்ன? அவனுக்கு என்ன?

முதலாவதில் சண்டை இல்லை. போன்ச்சே காய்ச்சுவது என்று அத்தையே சொல்லிவிட்டார். கொய்யா, கரும்புத் துண்டு, பட்டை, உலர்ந்த திராட்சை, வெல்லம் எல்லாம் போட்டுப் பெரிய பானையில் கொதிக்க விட்டால் தெரு முழுக்க மணக்கும். ஆண்கள் வந்தால் அதில் கொஞ்சம் சாராயம் கலந்துகொள்வார்கள்.

இரண்டாவதுதான் விடியவில்லை. "ரோஸ் கலர் சோளக் கஞ்சி" என்றார் அத்தை. சின்ன வயசில் ஜுரம் வந்தால்கூட அதைத்தான் கேட்பானாம்.

"அத்தை, அவருக்கு நாப்பத்தோரு வயசு. கல்யாணம் ஆன பதினாலு வருஷத்துல நான் ஒரு நாள் அந்தக் கஞ்சியக் கண்ணால பாத்ததில்ல."

"நீ காய்ச்சிக் குடுத்திருந்தா குடிச்சிருப்பான்."

கறுப்பு பீர், அதுவும் ஐஸ் இல்லாமல், அவனுடைய மண் குவளையில் ஊற்றி, நுரை அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடிப்பான். ஒவ்வொரு சனிக்கிழமையும். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா என் புருஷன் என்ன குடிப்பான் என்று.

ஒரு மணி நேரம் சத்தம் போட்டுக்கொண்டோம். முடிவில் எனக்கே வெட்கமாகிவிட்டது. உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. அவனுக்குக் கஞ்சியா பீரா என்று இரண்டு பேர் குடுமிப்பிடி.

அக்டோபர் 12, வியாழன்

எலியாசர் வந்திருந்தார். ஃபெர்மினோடு லோடு அடித்தவர், எப்போது வந்தாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேதான் பேசுவார். அத்தை அவரையே நடுவர் ஆக்கிவிட்டார். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. கடைசி ஒரு வருஷம் அவன் பீரே தொடல. வயித்து எரிச்சல். வழியில எங்க நிறுத்தினாலும் செம்பருத்திப்பூத் தண்ணிதான், சர்க்கரை இல்லாம."

சனிக்கிழமை பீர்? அது உங்களுக்காக, என்றார். நீங்கள் ஆசையாக வாங்கி வைப்பீர்களாம், வேண்டாம் என்று சொல்ல மனசு வராதாம்.

எலியாசர் போன பிறகு பாத்திரம் தேய்த்தேன். சுத்தமாக இருந்ததையும் எடுத்துத் தேய்த்தேன். ஒரு வருஷம் வயிறு எரிந்திருக்கிறது, என் பக்கத்தில் உட்கார்ந்து குடித்திருக்கிறான், சொல்லவில்லை. வேறு என்னவெல்லாம் சொல்லவில்லை? அந்த லோடு பற்றி ஏதாவது? அந்த வழி பற்றி? கோபம் வருகிறது. யார்மேல் காட்டுவது? ஆள் இருந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

தொமித்திலா ஒரு தட்டு நிறைய ரொட்டியோடு வந்தாள். ரொட்டி சாக்கு. எந்த நாளில் படையல் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறாள். படுக்கையில் போனவர்களுக்கு நவம்பர் ஒன்றாம் தேதி. விபத்திலோ அடிபட்டோ அகாலமாகப் போனவர்களுக்கு அக்டோபர் இருபத்தெட்டு. தேதி மாறினால் ஆத்மா வழி தெரியாமல் வாசலில் நிற்குமாம்.

"லாரி ஆளுங்களுக்கு இருபத்தெட்டுதான் வரும்" என்றாள், பஸ் நம்பர் சொல்கிற மாதிரி.

அவளையும் ரொட்டியையும் சேர்த்து வெளியே அனுப்பினேன். உள்ளே வந்தால் அத்தை காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஒண்ணாம் தேதிதான்" என்றார். "அவன் தூங்கறப்போ போயிருப்பான்." லாரியில் எந்தப் படுக்கை அத்தை என்று கேட்க வாய்வரை வந்தது.

அக்டோபர் 16

காப்பியில் அவன் சர்க்கரை போட்டுக்கொள்வானா? காலையிலிருந்து யோசிக்கிறேன். ஞாபகம் வரவில்லை. பதினாலு வருஷம் நான்தான் கலந்து கொடுத்தேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

போன்ச்சே வெள்ளோட்டம். சின்னப் பானையில் காய்ச்சிப் பார்த்தோம். முதல் தடவை வெல்லம் அடிப்பிடித்துவிட்டது. இரண்டாவது தடவை அத்தை பட்டையை அள்ளிப் போட்டதில் தொண்டை காந்தியது. மூன்றாவது சரியாக வந்தது. ஒரு மடக்குக் குடித்துவிட்டு அத்தை சிரித்தார். மூன்றரை வருஷத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. "இத குடிக்கறதுக்காகவே வருவாங்க பாரு" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் பீருக்கும் ஒத்துக்கொண்டார். கஞ்சியும் வேண்டாம், பூத்தண்ணியும் வேண்டாம், நீ சொன்னதே இருக்கட்டும் என்றார். அவன் வயிறு இனிமே எரியவா போகுது என்றார். சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

மாமனாருக்கு எப்போதும் ஒரு கிளாஸ் மெஸ்கால் சாராயம் உண்டு. இரண்டாம் தேதி மத்தியானம் படையலை எடுக்கும்போது அத்தை அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். வந்த ஆத்மாக்கள் சாரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடுவார்கள், மிச்சத்தில் ருசி இருக்காது என்பது கணக்கு. "வெறும் தண்ணி. மனுஷன் ஒரு சொட்டு விடல" என்பார், ஒவ்வொரு வருஷமும். நான் இதை நம்புகிறவள் இல்லை. அத்தை தொட்டுப் பார்க்கும்போது பக்கத்தில் போய் நிற்பேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 25

ஆபீசில் தேதி வாங்கிவிட்டேன். நவம்பர் 6, திங்கள், காலை பத்து. அத்தை தன் கையாலேயே காலண்டரில் வட்டம் போட்டார்.

அக்டோபர் 28, சனி

நாங்கள் ஒன்றும் வைக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் தொமித்திலா வீட்டு வாசல்படியில் ஒரு கிளாஸ் தண்ணீரும் ஒரு வெள்ளை மெழுகுவர்த்தியும். யாருக்கு என்றேன். "யாரும் வைக்காத ஆத்மாவுக்கு ஒரு புண்ணியம்" என்று இழுத்தாள். அவள் குடும்பத்தில் அடிபட்டுச் செத்தவர் எவரும் இல்லை, எனக்குத் தெரியும்.

தண்ணீரை எடுத்து அவளுடைய ரோஜாத் தொட்டியிலேயே ஊற்றினேன். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 1, புதன்

பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. துலுக்கச்சாமந்தியை வாசலிலிருந்து மேசை வரை உதிர்த்து வழி போட்டாயிற்று. சாம்பிராணி. ரொட்டி. மாமனார் படத்துக்குப் பக்கத்தில் ஃபெர்மின், ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து எடுத்தது. படத்தின் மூலையில் காந்த வில்லையின் தடம் வட்டமாக இருக்கிறது.

பாட்டிலை என்னிடம் நீட்டினார் அத்தை. என்னால் திறக்க முடியவில்லை. மூடிதான், சாதாரண மூடி. அத்தையே வாங்கித் திறந்து அவன் குவளையில் ஊற்றினார். நுரை அடங்கும் வரை இரண்டு பேரும் நின்றோம்.

மாலை வரை கூட்டம் நிற்கவில்லை. இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. கிளினிக் டாக்டர்கூட மெழுகுவர்த்தியோடு வந்து நின்றார். போன்ச்சே இரண்டு பானை காலி. வந்தவர்கள் வேறு பாட்டிலிலிருந்து சின்னக் கப்பில் ஆளுக்கு ஒரு வாய் பீர் குடித்துவிட்டு, "நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எலியாசர் ஒரு பாட்டில் பூத்தண்ணி கொண்டுவந்து மேசையில் ஓரமாக வைத்தார். யாரோ ஒரு பெண், எனக்கு முகமே தெரியாது, ஆப்பிள் சைடர் ஒரு பாட்டில் வைத்துவிட்டு, ஒரு தடவை டயர் பஞ்சர் ஆனபோது உதவினார், அப்போது அதுதான் கேட்டுக் குடித்தார் என்றாள். சைடரா? ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு ஃபெர்மின் இருக்கிறான். என்னிடம் இருப்பது வயிறு எரிய எரியப் பீர் குடித்தவன்.

எல்லாரும் கையைப் பிடித்து ஆறுதல் சொல்கிறார்கள். விதவைக்குச் சொல்கிற ஆறுதல். தலையை ஆட்டி ஆட்டி எனக்குக் கழுத்து வலிக்கிறது.

நவம்பர் 2, வியாழன். சாயங்காலம்

எப்படி எழுதுவது?

காலையில் ஜபத்துக்கு ஒரு இருபது பேர். தொமித்திலாதான் ஜபமாலை சொன்னாள், தெருவில் அவளுக்குத்தான் முழுசாகத் தெரியும். போன ஆத்மாக்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி இளைப்பாறுதல் கேட்கும் இடம் வந்தது. மாமனார் பெயர். அத்தையின் அண்ணன்கள் பெயர். அப்புறம் "ஃபெர்மினின் ஆத்மாவுக்கு" என்றாள். இருபது பேரும் சேர்ந்து அதைத் திருப்பிச் சொன்னார்கள். அத்தையும் சொன்னார்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. எழுந்து போனேன். மேசையிலிருந்து அவன் குவளையை எடுத்தேன். மணி பதினொன்றரை, வந்த ஆத்மாக்கள் கிளம்ப இன்னும் அரை மணி இருக்கிறது. அதற்கு முன்னால் உயிரோடு இருக்கிறவர்கள் அதைத் தொடக் கூடாது, யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. எல்லார் முன்னாலும் நின்று மடமடவென்று குடித்தேன். கடைசிச் சொட்டு வரை. அவன் வரவில்லை, இது வெறும் பீர், அவன் எங்கேயோ இருக்கிறான், யாரும் அவனுக்கு இளைப்பாறுதல் கேட்க வேண்டாம். இதைத்தான் சொல்ல நினைத்தேன். வாயில் பீர் இருந்ததால் சொல்லவில்லை.

ருசி இல்லை.

புளிப்பு இல்லை, கசப்பு இல்லை. ஏதோ பழைய தண்ணீர்.

குவளையை வைத்தேன். ஜபமாலை நின்றுவிட்டது. தொமித்திலா சிலுவை போட்டுக்கொண்டாள். அத்தை எழுந்து என் பக்கத்தில் வந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"எப்படி இருந்துச்சு?"

"கசப்பு" என்றேன். "அப்படியே இருக்கு அத்தை. யாரும் தொடல."

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எழுதப் போவதில்லை.

ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். இடுகாட்டுக்குப் போக வேண்டும் அவர்களுக்கு, சொந்தக்காரர்களின் கல்லறையைக் கழுவ. ஒரு பானை போன்ச்சே அப்படியே ஆறிக்கொண்டிருக்கிறது. அத்தை ஃபெர்மின் படத்தை எடுத்து மறுபடி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார்.

நவம்பர் 3

திறந்து இருபத்துமூன்றரை மணி நேரம் ஆன பீர். காற்று போயிருக்கும். ருசி இருக்காதுதான். இதில் என்ன இருக்கிறது.

அதே கடையில் அதே பீர் ஒன்று வாங்கினேன். இன்னொரு மண் குவளையில் ஊற்றி என் அலமாரிக்குள் வைத்தேன், பன்னிரண்டு மணிக்கு. பைத்தியம் பிடித்துவிட்டது எனக்கு.

நவம்பர் 4, சனி

பதினொன்றரைக்குக் குடித்தேன். காற்று இல்லை. கசக்கிறது. நாக்கின் அடிவரை கசக்கிறது. படையலில் வைத்தது கசக்கவில்லை.

செத்துவிட்டான்.

நவம்பர் 6, திங்கள்

எட்டரை மணி பஸ். நான் கறுப்பு ஸ்கர்ட் போட்டுக்கொண்டு பையோடு நிற்கிறேன், அத்தை வீட்டுச் செருப்போடு பீன்ஸ் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஆபீஸ் எதுக்கு இப்போ? நீதானே குடிச்சே. நீயே சொன்னியே கசந்துதுன்னு."

நாள் கொடுத்திருக்கிறார்கள், எச்சில் எடுத்தால் எடுத்தது கிடக்கட்டும் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. என்னிடமே திருப்பி, அவன் எலும்பைத் தேட என்னையும் கிளப்பப் பாத்தியே, நல்லவேளை உயிரோட இருக்கறத அவன் உன் வாயாலேயே காட்டிட்டான் என்றார். செல்லமாகத்தான் சொன்னார். பஸ் போயிற்று. நான் கிளினிக்குக்குப் போனேன்.

நவம்பர் 9, வியாழன்

அத்தை நன்றாகச் சாப்பிடுகிறார். அவன் சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார். சந்தையில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். இன்று சாயங்காலம் மூன்றாவது தடவையாக, "அந்தக் கசப்பு எப்படி, சொல்லு" என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். மூன்றாவது தடவைக்குள் அந்தப் பீர் நுரையே விட ஆரம்பித்துவிட்டது.

நவம்பர் 10

நான் எழுதி வைக்காவிட்டால் எனக்கே நம்பிக்கை வந்துவிடும்.

நவம்பர் 13, திங்கள்

சங்கத்தில் இன்று ஒரு பெண்ணுக்குத் தம்பி கிடைத்தான். கிடைத்தான் என்றால், நம்பர் ஒத்துப்போனது. இரண்டு வருஷமாக அந்த ஆபீசின் அலமாரியில் இருந்திருக்கிறான், அவள் மாதா மாதம் அதே கட்டடத்துக்கு வந்து மனு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் அழவில்லை. பெட்டி என்ன அளவில் வாங்க வேண்டும் என்று எங்களிடம் கேட்டாள்.

ஃபெர்மினும் அங்கே ஏதாவது ஒரு நம்பரில் இருக்கலாம். எச்சில் கொடுக்க ஆள் இருந்தும், நான் சொன்ன ஒரு பொய்யால் அங்கேயே கிடக்கலாம். அத்தைக்கு எழுபத்தாறு வயசு. சர்க்கரை வேறு. அவர் போய்விட்டால் அவனைக் கேட்டு வர யார் இருக்கிறார்கள்? நான் யார் அவனுக்கு, காகிதத்தில் மனைவி, ரத்தத்தில் ஒன்றும் இல்லை.

சொன்னால் அத்தையைக் கொன்ற மாதிரி. சொல்லாவிட்டால் அவனை. இரண்டில் எதைச் செய்தாலும் செய்தவள் நான்தான்.

நவம்பர் 15, புதன்

சொல்லிவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். அத்தை கிறிஸ்துமஸுக்கு என்ன காய்ச்சலாம் என்று பேசிக்கொண்டிருந்தார், அதற்குள் அவன் வந்துவிடுவான் என்கிற கணக்கில். என் தட்டில் சாதம் வைக்கக் கரண்டியை எடுத்தார்.

"அத்தை, நான் பொய் சொன்னேன். அந்த பீர்ல ருசி இல்ல. ஒண்ணுமே இல்ல. தண்ணி."

கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். அறைவார் என்றுகூட நினைத்தேன், அறையட்டும் என்றும் இருந்தது. நான் வாங்கி வைத்துச் சோதித்த பீர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அது மட்டும் கசந்தது என்பதையும் சொன்னேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் மேசைத்துணியை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக,

"அது தண்ணிதான்டி" என்றார். "பாதிக்கு மேல தண்ணிதான். நான்தான் ஊத்தினேன்."

எனக்கு விளங்கவில்லை.

இரண்டாம் தேதி விடிகாலையில், நான் எழுந்திருக்கும் முன்னால், மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாராம். சனிக்கிழமைகளில் அவன் பாட்டிலைத் திறந்ததும் முதலில் அத்தைக்குத்தான் ஊற்றுவானாம், பின்கட்டில், எனக்குத் தெரியாமல். சர்க்கரைக்குப் பீர் கூடாது என்று நான் கத்துவேன் அல்லவா. பாதி அம்மாவுக்கு, மிச்சம்தான் அவனுக்கு. அந்த வழக்கத்தில் குவளையை எடுத்துத் தன் பங்கைக் குடித்திருக்கிறார். குறைந்திருப்பதைக் கண்டால் ஜபத்துக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றி நிரப்பி வைத்திருக்கிறார்.

சனிக்கிழமை பீர் எனக்காக இல்லை. அதையும் இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"நீங்க குடிச்சப்போ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "கசந்துதா?"

"அழுதுகிட்டே குடிச்சேன். உப்புதான் தெரிஞ்சுது."

அவ்வளவுதான். அவர் குடித்ததும் ஒன்றும் சொல்லாது, நான் குடித்ததும் ஒன்றும் சொல்லாது. இனி அந்தப் பீரைக் கேட்க முடியாது. சாதம் ஆறிப் போயிற்று. நான் கிளினிக்குக்குத் திரும்பவில்லை.

"அப்போ நமக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அத்தை.

"தெரியாது அத்தை."

நவம்பர் 16

காலையில் நான் கிளம்பும்போது, முகத்தைத் திருப்பாமல், "இன்னொரு தேதி கேளு" என்றார்.

நவம்பர் 28, செவ்வாய்

பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், பன்னிரண்டேகாலுக்குக் கூப்பிட்டார்கள். எச்சில் எடுக்க ஒரு மணி நேரம் முன்பிலிருந்து எதுவும் குடிக்கக் கூடாதாம், தண்ணீர்கூட. இப்போது கூப்பிடுவார்கள், இப்போது கூப்பிடுவார்கள் என்று அத்தை பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே வாயை நனைக்கவில்லை. உதட்டை நக்கிக்கொண்டே இருந்தார். எதிரே தண்ணீர் கேனும் காகிதக் கப்பும் இருந்தன. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் படித்துக்கொண்டிருந்தோம்.

உள்ளே ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கும். மரியாதையாகப் பேசினாள். பெயர் என்ன, என்ன உறவு என்று கேட்டாள். "பிரிஸ்கா" என்றார். "அம்மா" என்றார். குச்சியில் சுற்றின பஞ்சை இடது கன்னத்துக்குள் விட்டுத் தேய்த்தாள், அப்புறம் வலது கன்னம். எண்ணிப் பார்த்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. இரண்டு வருஷம் கெஞ்சினது இதற்குத்தான். உறையில் போட்டு ஒட்டி, மேலே நம்பர் எழுதினாள்.

"எவ்வளவு நாளாகும்மா?" என்று கேட்டார் அத்தை.

சொல்ல முடியாது, மாசக் கணக்கிலும் ஆகலாம், வருஷமும் ஆகலாம், ஒத்துப்போகாமலும் இருக்கலாம், நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றாள் அந்தப் பெண்.

"அதுவரைக்கும் நான் இருக்கணுமா?"

அந்தப் பெண் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சட்டென்று விளங்கவில்லை அவளுக்கு. விளங்கினதும் உறையைத் தொட்டுக் காட்டினாள்.

"வேண்டாம்மா. இது போதும்."

அத்தை தலையாட்டினார். வெளியே வந்து கேன் பக்கத்தில் நின்று தண்ணீர் கேட்டார். பிடித்துக் கொடுத்தேன். இரண்டு கப் குடித்தார்.